எதிர்ப்பக்கத்துத் துளை

“ரெண்டையும் பக்கத்துல வெச்சா உனக்கு வித்தியாசமே தெரியாது” என்றார் அப்பா.

“எதைப்பா?”

“பழசையும் புதுசையும்தான். அதே குழாய், பின்னாடி தோள்ல வைக்க அதே கம்பி, பக்கவாட்டுல குண்டு போட அதே மேகசின். ஆனா புதுசுல, இழுக்கற கைப்பிடியை உள்ள தள்ளலாம். தள்ளினா எதிர்ப்பக்கத்துல இருக்கற ஓட்டைக்குள்ள போய் உக்காந்துக்கும். அப்புறம் மாடியிலேர்ந்து போட்டாலும் வெடிக்காது. பழசுல அந்த ஓட்டை கிடையாது.”

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா ராணுவத்தின் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கி மெக்கானிக்காக இருந்தவர். ஸ்டென் துப்பாக்கியின் வகைகளைப் பற்றி அவர் பேசாத இடமே கிடையாது. பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட அதைத்தான் பேசினார். வந்த பையன் அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டதால்தான் அவளுக்கு அவனைப் பிடித்துப்போனது. அதனால் வழக்கமான பாடம்தான் என்று நினைத்து, “சரிப்பா, சுளை சாப்பிடுங்க” என்றாள்.

அவர் மென்றுகொண்டே சொன்னார். எல்லாப் பழைய துப்பாக்கிக்கும் அந்த ஓட்டையைப் போடச் சொல்லி உத்தரவு வந்ததாம். கிடங்கில் நாற்பது. முப்பத்து மூன்று முடித்தபோது துளைபோடும் ஊசி உடைந்துவிட்டது. புதுசு வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று நாற்பதும் முடிந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

“உன் மாமன் கையில இருந்தது மிச்ச ஏழுல ஒண்ணு.”

அவள் கை நின்றது. மாமா, அம்மாவின் ஒரே தம்பி, அப்பாவின் யூனிட்டிலேயே சிப்பாய். அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது, லாரியிலிருந்து இறங்கும்போது துப்பாக்கி நழுவி, பின்கம்பி படியில் மோதி, அது தானாக வெடித்ததில் இறந்துபோனவன். இருபத்து நாலு வயது. பூட்டவேண்டிய கைப்பிடியைப் பூட்டாமல் இறங்கினான் என்று விசாரணையில் முடிவானது.

“ஆனா துப்பாக்கியை எடுத்துப் பாத்திருப்பாங்களே? ஓட்டை இல்லைன்னு தெரிஞ்சிருக்குமே?”

“அவங்க வர்றதுக்கு முன்னாடி போட்டுட்டேன்.”

“எதை?”

“ஓட்டையைத்தான். பக்கத்துப் பட்டறையில ஊசி கடன் வாங்கினேன். புது இரும்பு பளபளன்னு தெரியும்ல, அதுக்குக் கறுப்பு மருந்து தடவினேன். எங்க யூனிட் மேஜர்தான் நின்னு பாத்துக்கிட்டாரு.” பிறகு, அவளைச் சமாதானப்படுத்துவதுபோல, “ரத்தத்தைக் கழுவிட்டுத்தான் போட்டேன்” என்றார்.

கொட்டையைத் துப்ப வாயைக் குவித்தார். அவள் உள்ளங்கையை நீட்டினாள். அது சூடாக, எச்சிலோடு விழுந்தது.

“நான் போனப்புறம் உங்கம்மாகிட்ட நீயே சொல்லிடு” என்றார். அவரே சொல்லவேண்டும் என்று அவள் சொன்னதற்கு, அவ முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அதன் பிறகு ஒன்பது நாள் இருந்தார். மூன்று முறை அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். மூன்று முறையும் அவள் கதவுக்கு வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் முறை தண்ணீர் கேட்டார். இரண்டாம் முறை முதுகு சொறியச் சொன்னார். மூன்றாம் முறை, சொறிந்தது சரியான இடமில்லை என்றார்.

இப்போது வீட்டுக் கூடத்தில் பனிக்கட்டிப் பாளங்களின் மேல் கிடத்தியிருந்த அவருடைய விரல்களை அவள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான்கு மாதமாக மலம், சளி, வாந்தி எல்லாம் அள்ளியிருக்கிறாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. நம்ம அப்பா, நாம செய்யாமல் யார் செய்வது என்று கணவனிடம் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறாள். இன்று சுத்தமாக, சோப்பு வாசனையோடு, நகம் வெட்டிக் கிடந்த அந்த விரல்களை அவளால் துடைத்து முடிக்க முடியவில்லை. கட்டைவிரலை விட்டுவிட்டு எழுந்துவிட்டாள்.

அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து, மடித்த செய்தித்தாளால் ஈ விரட்டிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து ஒரு ஈகூட அவர் முகத்தில் உட்கார விடவில்லை.

வண்டி பதினொன்றுக்கு வரும் என்று அண்ணன் சொல்லியிருந்தான். பத்து மணிக்கெல்லாம் அப்பாவின் பழைய கூட்டாளிகள் வந்துவிட்டார்கள். ஆறேழு பேர். வந்ததும் அப்பாவை ஒரு நிமிடம் பார்த்தார்கள். பிறகு சுவரைப் பார்த்தார்கள். அங்கே அப்பா ஓய்வுபெற்ற பிறகு வரைந்த படம் சட்டம் போட்டுத் தொங்கியது. ஸ்டென்னின் ஆறு வகைகள், வரிசையாக, ஒவ்வொரு திருகும் தெரிய.

“முதல் வகையில முன்னாடி மரப்பிடி உண்டு பாத்தியா. அப்புறம் மரமும் வேணாம் மட்டையும் வேணாம்னு எல்லாத்தையும் உருவிட்டான்” என்றார் ஒருவர்.

“மூணாவது வகைல குழலைக் கழட்டவே முடியாது. தகரத்தைச் சுருட்டி ஒட்டினதுதானே.”

“பாத்திரக்காரன் வேலை” என்றார் மீசை. அவர் வேறு ஒரு கிடங்கில் மெக்கானிக்காக இருந்தவர். அப்பாவுக்குக் கடிதத்தில் பழக்கமாகி நண்பரானவர். எல்லோரும் அவரை மீசை என்றுதான் சொல்வார்கள், மீசையை எடுத்துப் பல வருடமாகியும். “நாங்க அதைத் துப்பாக்கின்னே சொல்ல மாட்டோம். குழாய்னுதான் சொல்வோம். திறந்தா தண்ணி வந்தாலும் வரும்.”

சிரித்தார்கள். இழவு வீடு என்று நினைவு வந்ததும் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். பிஸ்கட்டை டீயில் நனைத்து உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஒருவருடைய முகவாயில் ஈரத் துணுக்கு ஒட்டியிருந்தது. அந்த வாய் அசைந்து, கண்ணைக் கட்டிவிட்டாலும் தொட்டே எந்த வகை என்று சொல்லிவிடுவாரே அவர் என்று அப்பாவைப் புகழ்ந்தது. அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிய இடத்தில் மேஜர் உட்கார்ந்திருந்தார்.

மேஜருக்கு எண்பது வயது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கைத்தடி. வருடத்துக்கு இரண்டு முறை இந்த வீட்டுக்கு வருவார். அவள் சிறுமியாக இருந்தபோது சாக்லேட் கொண்டுவருவார். அவர் வரும்போதெல்லாம் அம்மா டீ கொடுத்துவிட்டு, தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, ஏதோ கேட்க வந்தவள் போல ஒரு நிமிடம் நிற்பாள். “என்னம்மா?” என்று அவர் நிமிர்ந்தால், சர்க்கரை போதுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அவள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு திரும்பினாள். ஒன்று நழுவி விழுந்து உடைந்தது.

“மாமன் புத்தி போகுமா உனக்கு” என்றான் அண்ணன், பழக்கத்தில்.

அந்த வீட்டில் எது கை தவறினாலும் அதுதான் பேச்சு. பால் பொங்கினால் மாமன் புத்தி. பரீட்சைக்குப் பேனா மறந்தால் மாமன் புத்தி. ஆரம்பித்து வைத்தவர் அப்பா. அவர் சிரித்துக்கொண்டே சொல்வார், பிள்ளைகள் இரண்டும் சேர்ந்து சிரிக்கும். அம்மா மட்டும் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அம்மா எப்போதும்போல இப்போதும் எழுந்து வந்து, குனிந்து, கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பொறுக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

மேஜர் தொண்டையைச் செருமினார். வண்டி வருவதற்குள் இரண்டு வார்த்தை சொல்லவேண்டும் என்று எழுந்து, அப்பாவின் நெற்றியில் கை வைத்தார். வெயிலில் பழுப்புப் புள்ளி விழுந்த, நீளமான விரல்கள்.

“முப்பது வருஷம் இவர் கைக்கு வராத ஆயுதம் எங்க யூனிட்டில கிடையாது. இவர் கையெழுத்து இருந்தா நான் திருப்பிப் பாக்க மாட்டேன். அப்படி ஒரு மனுஷன்.”

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவளுக்கு வாய் முழுக்க எச்சில் ஊறியது. வெளியே போய்த் துப்பிவிட்டு வரலாமா என்று நினைத்தாள். அதை விழுங்கிவிட்டுச் சுவரருகே போய் நின்றாள்.

“அங்கிள், இந்த ரெண்டாவது வகையிலேயே ரெண்டு இருக்கே. என்ன வித்தியாசம்?”

கூடமே மகிழ்ந்தது. அப்பாவின் பெண் அல்லவா! மேஜர் வாய் திறப்பதற்குள் மீசை எழுந்து வந்துவிட்டார். விரலால் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். “இங்க பாரும்மா, இந்த ஓட்டை. கைப்பிடி இதுல போய்ப் பூட்டிக்கும். இது பழசுல இல்ல.”

“ஓட்டை போடாதது கீழ விழுந்தா?”

“வெடிக்கும். பின்பக்கம் மோதினா உள்ள இருக்கற இரும்பு துள்ளும், துள்ளி ஒரு குண்டை இழுத்துக்கிட்டு வந்து அடிக்கும். எங்க பக்கத்துலயும் ரெண்டு பேர் போனாங்க, பாவம்.”

“அது அவங்க தப்பா?”

“அவங்க தப்பு எப்படிம்மா ஆகும்? பூட்டே இல்லாத வீட்டுல திருடன் வந்தா, பூட்டலைன்னு சொல்ல முடியுமா?”

அவள் மேஜரைப் பார்த்தாள். அவர் தன் கைத்தடியின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா எங்கிட்ட சொல்லிட்டாரு அங்கிள். ஏழு மிச்சம் இருந்துச்சாம். மாமா செத்த அப்புறம், அந்தத் துப்பாக்கியைக் கழுவிட்டு ஓட்டை போட்டாராம். நீங்க பக்கத்துல நின்னீங்களாம்.”

உறிஞ்சும் சத்தங்கள் நின்றன. மீசையின் விரல் படத்தின் மேலேயே இருந்தது. அண்ணன், என்ன உளர்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். பிறகு மேஜரின் முகத்தைப் பார்த்தான். பார்த்ததும் சுவரில் சாய்ந்துகொண்டான்.

மேஜர் மெல்ல உட்கார்ந்தார். குரல் கனிவாகவே இருந்தது. “இப்ப அதைப் பேசி யாருக்கும்மா பிரயோஜனம்? அன்னைக்கு உங்கப்பாவுக்கு வேலை போயிருக்கும், ஜெயிலுக்குப் போயிருப்பாரு. நீங்க ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைங்க. போனவன் தனிக்கட்டை. யோசிச்சுத்தான் பண்ணினோம்.”

சின்னப் பிள்ளைகள். அவளும் அண்ணனும். அந்த ஓட்டைக்கு அப்புறம் வந்த ஒவ்வொரு பள்ளிக்கூடச் சட்டையும், ஒவ்வொரு வேளைச் சோறும், தோல் உரித்துத் தின்ற ஒவ்வொரு ஆரஞ்சும் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்தன. மாமனைச் சொல்லிச் சிரித்த சிரிப்பும்கூட. அப்பாவைப் பார்த்து வந்த அருவருப்பு அவரோடு நிற்கவில்லை. அவளுடைய கையை அவளாலேயே பார்க்க முடியவில்லை. புடவையில் துடைத்துக்கொண்டாள். மறுபடியும் துடைத்தாள்.

அப்போதுதான் அடுக்களை வாசலில் அம்மாவைப் பார்த்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கையில் கண்ணாடித் துண்டுகள் சுற்றிய காகிதப் பொட்டலம்.

“அம்மா” என்றாள்.

“இவரே போட்டாரா?” என்று அம்மா கேட்டாள்.

“ஆமாம்மா.”

அம்மா பொட்டலத்தை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். தன் இடத்துக்குப் போனாள், ஆனால் உட்காரவில்லை. தலைமாட்டில் நின்று கணவனை ஒரு தடவை முழுதாகப் பார்த்தாள். செய்தித்தாள் தரையில் கிடந்தது. ஒரு ஈ சுற்றிச் சுற்றி வந்து அவர் உதட்டில் உட்கார்ந்தது, பிறகு மூக்கின் பக்கம் நடந்தது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள். யாரும் விரட்டவில்லை.

தெருவில் வண்டியின் ஹாரன் கேட்டது. மேஜர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். “நேரமாச்சு. தூக்கலாம்” என்றார் அண்ணனிடம். அண்ணன் நகரவில்லை.

“கொஞ்சம் உக்காருங்க சார்” என்றாள் அம்மா.

உள்ளறையில் பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. அதற்குள் நான்காக மடித்த ஒரு தாள். மகள் அதை இதுவரை பார்த்ததே இல்லை. அம்மா டீத் தட்டைத் தள்ளிவிட்டு, மேசை ஈரத்தை முந்தானையால் துடைத்து, தாளைப் பிரித்து வைத்தாள். மடிப்புகள் கிழிந்து நூல் நூலாக நின்றன. மாமாவின் படை எண், வயது, தேதி. கடைசி வரியில் ‘சொந்தக் கவனக்குறைவால்’ என்று தட்டச்சு. கீழே மேஜரின் கையெழுத்து, இளமையாக, சாய்வாக.

“எங்கப்பா இதைப் படிச்சதுலேர்ந்து, சாகற வரைக்கும் தம்பியைப் பத்தி வீட்டுல யாரும் பேசக்கூடாதுன்னுட்டாரு” என்றாள் அம்மா. “அவன் செருப்பைக்கூட ஜோடி சேத்துத்தான் விடுவான் சார்.”

மேஜர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஹாரன் மறுபடியும் அடித்தது. அம்மா அண்ணனின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மேஜர் பக்கம் நீட்டினாள்.

“நீங்க ஒவ்வொரு தடவை வர்றப்பவும் கேக்கணும்னுதான் வந்து நிப்பேன். முப்பத்து நாலு வருஷம். அந்த ஒரு வார்த்தையை அடிச்சுக் கொடுங்க சார்.”