டிஸ்க்குக்கு வச்ச பொட்டு

ஆயுத பூஜை முடிஞ்ச மறுநாள் காலைல சாமி கும்பிட்டுட்டுப் பாத்தா, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே இல்ல.

புஷ்பராணி மூணு தடவ அணைச்சு மூணு தடவ போட்டுப் பாத்துட்டா. மிஷின் மேல வச்ச சந்தனம் காஞ்சு வெடிச்சிருந்துச்சு, பக்கத்துல வச்ச வாழைப்பழம் கறுத்துப் போயிருந்துச்சு. திரையில மட்டும் கடைப் பேரு வரவேண்டிய எடத்துல என்னென்னமோ கோடும் புள்ளியும். தீபாவளிச் சரக்கு ரெண்டு கொண்டெய்னர், இருநூத்திப் பன்னெண்டு கடை, யாருக்கு எத்தன பெட்டி, என்ன எடைன்னு அவ ஆறு நாளா உக்காந்து அடிச்ச லிஸ்ட். காணோம்.

என்ன நடந்துச்சுன்னு அந்த ஆபீஸ்ல தெரிஞ்ச ஒரே ஆளு அவதான்.

பீச் ஸ்ட்ரீட்ல மாடில இருக்குற சின்ன கம்பெனி அது. கப்பல்ல வர்ற சரக்குக்குப் பேப்பர் வேலை பாத்து, துறைமுகத்துலேருந்து எடுத்துக் குடுப்பாங்க. முதலாளி மெய்யநாதன் செட்டியார் கம்ப்யூட்டர் வாங்கின நாள்லேருந்து ரெண்டே சட்டம்தான் வச்சிருந்தாரு. வெளி டிஸ்க் உள்ள போகக்கூடாது. பூஜைக்கு வச்ச சாமான மறுநாள் சாமி கும்பிடாம யாரும் தொடக்கூடாது. புஷ்பராணி ரெண்டையும் நேத்து ஒரே மத்தியானத்துல மீறிட்டா.

நேத்து பூஜை முடிஞ்சு எல்லாரும் சுண்டல வாங்கிக்கிட்டுக் கெளம்பினாங்க. "பஸ் வரட்டும், நான் பூட்டிப்போட்டுப் போறன்"னு இவ நின்னுக்கிட்டா. ஆளு போனதும் கைப்பையிலேருந்து ஒரு டிஸ்க்க எடுத்தா. தமிழ் எழுத்து அடிக்கிற புரோகிராம் அதுல இருந்துச்சு. கெலுகோர்ல யூனிவர்சிட்டில படிக்கிற சொந்தக்காரப் பையன் பரமநாதன் குடுத்தது. "பாத்து லா, இது எத்தன கை மாறி வந்துச்சோ எனக்கே தெரியாது"ன்னு சிரிச்சுக்கிட்டேதான் குடுத்தான். யாழ்ப்பாணத்துல இருக்குற அம்மாவுக்கு அச்சு எழுத்துல ஒரு கடுதாசி அடிச்சு பிரிண்ட் எடுத்தா. மக கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறான்னு அம்மா நாலு பேருக்குக் காட்டட்டுமே. இருபது நிமிஷந்தான் ஆச்சு.

இந்த மாசக் கடைசியோட அவ பெர்மிட் முடியுது. முதலாளி இமிகிரேஷனுக்கு ஒரு லெட்டர் குடுத்தாத்தான் இந்த நாட்டுல இருக்க முடியும். இல்லன்னா கொழும்புக்கு பிளேன், அங்கேருந்து குண்டு விழுற ஊருக்கு. அந்த லெட்டர் இன்னும் கையெழுத்தாகல.

"என்னம்மா, பிரிண்ட் ரெடியா?" மத்தியானம் ஒண்ணரைக்குத்தான் முதலாளி உள்ள வந்தாரு. "நாலு மணிக்குள்ள கஸ்டம்ஸ்ல குடுக்கலன்னா திங்கக்கிழமதான். கடைக்காரங்க என்னைய உப்புக்கண்டம் போட்டுருவாங்க."

"திறக்குதில்லை, சேர்."

"திறக்கலன்னா?"

அவரே வந்து பாத்தாரு. மூஞ்சி வெளுத்துப் போச்சு. "நகல் டிஸ்க் இருக்குல்ல? நேத்து பூஜைக்கு முன்னாடி எடுத்தியே, அதப் போடு."

நகல் டிஸ்க் பிள்ளையார் படத்துக்கு முன்னாடி இருந்துச்சு. உள்ளங்கை அகலத்துக்கு, தட்டையா, கறுப்பா. அதோட ஓரத்துல செவப்பா பெரிய ஸ்டிக்கர் பொட்டு. எல்லாம் கிளார்க் லெட்சுமி அக்கா வேலை. நேத்து சந்தனக் கிண்ணத்தோட வந்தாங்க. "அக்கா, ஈரம் பட்டா பழுதாப் போயிரும்!"னு இவ கத்தினா. "அதுக்காக வெறும் நெத்தியாவா சாமி முன்னால வைக்கிறது?"ன்னு அக்கா தன்னோட பையிலேருந்து ஸ்டிக்கர் பொட்ட உரிச்சு ஒட்டிட்டாங்க. பாதி வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சுன்னு மடிச்சுப் பின்பக்கமும் அமுக்கிட்டாங்க.

புஷ்பராணி டிஸ்க்க உள்ள தள்ளினா. உள்ள என்னென்ன இருக்குன்னு பாக்கத்தான் மிஷினக் கேட்டா, வேற எதுவும் கேக்கல. மிஷின் கொர்ருன்னுச்சு. இந்த டிஸ்க்ல எழுத முடியாது, பூட்டியிருக்குன்னு திரையில வந்துச்சு. மறுபடி தட்டினா. மறுபடியும் அதேதான்.

முதலாளி டிஸ்க்க வெளிய இழுத்தாரு. "இங்க பாரு. இந்த ஓரத்துல ஒரு வெட்டு இருக்கும், அத மூடினா எழுத முடியாதுன்னு வித்தவன் படிச்சுப் படிச்சுச் சொன்னான். லெட்சுமி! இங்க வா! பொட்ட எங்க வச்சிருக்க?"

"அலாமாக்... ஐயோ, சாமிக்குன்னுதான் முதலாளி வச்சேன்."

"சாமிக்குப் பொட்டு, எனக்கு ஆப்பு! பத்து வருஷமா இங்க இருக்க, கொஞ்சமாச்சும் மூள வேணாமா? ஒன்னோட பொட்டுதான் எல்லாத்தையும் கெடுத்துருக்கு!"

லெட்சுமி அக்கா முந்தானைய வாய்ல வச்சுக்கிட்டாங்க. கண்ணு நெறஞ்சிருச்சு.

புஷ்பராணி திரையவே பாத்துக்கிட்டு நின்னா. பாக்கத்தான கேட்டேன், எழுதச் சொல்லலையே? அப்ப எழுதப் பாக்குறது யாரு? நேத்து அவ டிஸ்க்லேருந்து வந்தது எதுவோ உள்ள உக்காந்திருக்கு. இந்த டிஸ்க்குக்குள்ளயும் பூரப் பாக்குது. பொட்டுதான் கதவ அடைச்சுக்கிட்டு நிக்குது. அத உரிச்சா இதுவும் காலி.

பேசாம இருந்தா? பொட்டாலதான் போச்சுன்னு ஆகிடும். கைப்பைய யாரும் தொறந்து பாக்கப் போறதில்ல. லெட்டர்லயும் கையெழுத்து விழுந்துரும்.

முதலாளி கட்டைவிரல் நகம் பொட்டோட ஓரத்துல ஏறிருச்சு. வெல்வெட்டு லேசா தூக்கிச்சு.

"கழட்டாதேங்கோ!"

அவ போட்ட சத்தத்துல அவரு கை அப்படியே நின்னுச்சு.

"பொட்டில பிழையில்லை, சேர். என்னிலதான் பிழை. நேற்று நீங்கள் எல்லாரும் போன பிறகு வெளி டிஸ்க் ஒண்டு போட்டனான். அதுல வைரஸ் இருந்திருக்கு. அம்மாக்கு ஒரு கடிதம் அடிக்கத்தான்..."

முதலாளி பொட்டுலேருந்து நகத்த எடுத்தாரு.

"நேத்தா?" முதலாளி மெதுவாக் கேட்டாரு. "பூஜைக்கு வச்ச மிஷினயா?"

"ஓம், சேர்."

"ஓமாம், ஓம்!" பல்லக் கடிச்சாரு. கடியாரத்தப் பாத்தாரு, மணி ஒண்ணே முக்கா. "ஒன்ன அப்புறம் கவனிக்கிறேன். இப்ப என்ன செய்யணும், அதச் சொல்லு."

"சுகமான கம்ப்யூட்டர் ஒண்டு வேணும். பொட்டோட போட்டு பிரிண்ட் மட்டும் எடுக்கலாம்."

கீழ் வீட்டுல காஜா மொய்தீன் டிக்கெட் ஏஜென்சி வச்சிருந்தாரு. விஷயத்தக் கேட்டதும் கீபோர்டு மேல ரெண்டு கையையும் வச்சு மறைச்சுக்கிட்டாரு. "செட்டியாரே, நல்லா இருக்கே கத! என் மிஷினுக்கும் அம்மை போட்டா நான் எங்க போவேன்?"

"வராது அண்ணே," புஷ்பராணி சொன்னா. "பொட்டு ஒட்டின பிறகு இதுக்குள்ள ஒண்டும் போகேல்லை. மேல இருக்கிற மிஷின்தான் சொன்னது, எழுத முடியேல்லையெண்டு."

"வந்துச்சுன்னா?"

"வந்தா என் மிஷின நீரு எடுத்துக்கும்," முதலாளி சொன்னாரு.

"செத்த மிஷின வச்சு நான் என்னய்யா பண்றது?" முனகிக்கிட்டே கைய எடுத்தாரு.

டிஸ்க் உள்ள போச்சு. மூணு பேரும் மூச்ச அடக்கிக்கிட்டு நின்னாங்க. பேரு ஒண்ணொண்ணா வந்துச்சு. ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, கண்ணாடி வளையல். இருநூத்திப் பன்னெண்டும் இருந்துச்சு. பிரிண்டர் க்ரீச் க்ரீச்சுன்னு இழுத்து முடிக்கையில மூணு பத்து. முதலாளி பேப்பர மடிக்கக்கூட இல்ல, மாலை மாதிரி தோள்ல போட்டுக்கிட்டு எறங்கி ஓடினாரு.

"எங்க டிஸ்க்குக்கும் ஒரு பொட்டு அனுப்புங்க!" காஜா மொய்தீன் பின்னாலேருந்து கத்தினாரு.

மாடில ரெண்டு பேரு மட்டும். லெட்சுமி அக்கா கறுத்த வாழைப்பழத்தையெல்லாம் குப்பையில போட்டாங்க, இவ பக்கம் திரும்பல.

"அக்கா..."

"கடைசி நிமிஷம் வரைக்கும் வாயத் தொறக்கலல்ல நீ? அவரு நகத்த வச்ச பிறகுதான வந்துச்சு?"

புஷ்பராணி மிஷின் மேல காஞ்ச சந்தனத்தத் தொடைச்சா.

அஞ்சேகாலுக்கு முதலாளி வந்தாரு, சட்டையெல்லாம் வேர்வை. முத்திர குத்தின தாள மேசையில வச்சாரு. "அந்த வெளி டிஸ்க்கக் குடு." குடுத்தா. கத்திரிக்கோல எடுத்து நாலா வெட்டிக் குப்பைக்கூடையில போட்டாரு.

"கடுதாசி?"

அவ பைக்குள்ள கைய விட்டு மடிச்ச தாள எடுத்து விரிச்சு நீட்டினா. அவரு அத வாங்கல. ரெண்டு வரி கண்ணுல பட்டிருக்கும் போல, மூஞ்சத் திருப்பிக்கிட்டாரு. "நாளைக்கே தபால்ல போடு."

"லெட்சுமி, அந்தப் பழைய டைப்ரைட்டர எறக்கு." தூசு பறக்க அது மேசைக்கு வந்துச்சு. "இமிகிரேஷன் லெட்டர இதுல அடி. ஒரு வருஷம்னு போடாத. ஆறு மாசம்னு போடு. மிச்சத்த அப்புறம் பாப்போம்."

"ஆறு மாசம்," அவ திருப்பிச் சொன்னா.

மொதல் வரியிலயே தப்பா அடிச்சா. தாள உருவிட்டு வேற தாள் கேட்டா. லெட்சுமி அக்கா, மறுபடி தப்பினாலும் இருக்கட்டும்னு, கட்டுலேருந்து ரெண்டு தாளா எடுத்துக் குடுத்தாங்க.