மருந்து குடிச்சாளா?

சிம்மக்கல்லில் இருந்த டாக்டர் வேதமூர்த்தியின் நர்சிங் ஹோமுக்குக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது எண்பத்தேழாம் வருஷம் ஆவணி மாதத்தில். ஜப்பானிலிருந்து கப்பலில் வந்ததாம். நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பொத்தானை அமுக்கினால் போதும். இருதயத் துடிப்பைக் கோடு கோடாக வரைந்து, அடியிலேயே என்ன கோளாறு என்று இங்கிலீஷில் அச்சடித்தும் கொடுத்துவிடும். அதற்கு மாலை போட்டார்கள், சந்தனப் பொட்டு வைத்தார்கள், எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். நோயாளிகள் படுத்திருந்த வார்டில் மூன்று ஃபேனில் ஒன்றுதான் சுற்றியது. மெஷினுக்கு மட்டும் ஏசி அறை.

'அதுக்குத்தான் பாவம், வேர்க்குரு வந்துரும்' என்று ஜெயினம்பு மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஜெயினம்பு அங்கே பதினாறு வருஷமாக ஈசிஜி எடுப்பவள். காஜிமார் தெருவிலிருந்து தினமும் நடந்தே வருவாள். பழைய மெஷினில் காகிதம் ஓடும்போதே கோட்டைப் பார்த்து, இவருக்கு இன்றைக்கு வீடு, இவருக்குப் பெரியாஸ்பத்திரி என்று சொல்லிவிடக் கூடியவள். அந்த நாளில் வேதமூர்த்தியும் டாக்டராக இருந்தார். நாடி பிடிப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், வயிற்றை அமுக்கிப் பார்ப்பார். கம்ப்யூட்டர் வந்த பிறகு அவருக்கு நோயாளியின் முகமே தேவைப்படவில்லை. ஆள் உள்ளே வருவதற்கு முன்னால் காகிதம் வந்துவிட வேண்டும். அதைப் பார்ப்பார், எழுதுவார், மணி அடிப்பார். முழங்கால் வலி என்று வந்தவருக்கும் கம்ப்யூட்டர், பல் கூச்சம் என்று வந்தவருக்கும் கம்ப்யூட்டர். திருமங்கலத்து அரிசி வியாபாரி ஒருத்தர் 'நார்மல்' என்று வந்த தன் காகிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டபோது ஜெயினம்புவுக்குச் சிரிக்கக்கூடத் தோன்றவில்லை.

ஆனால் ஒரு தடவை அந்த மெஷின் அவள் முகத்தில் கரியைப் பூசியது உண்மை. பாத்திரக்கடை சேக் இஸ்மாயில் விடாத ஏப்பத்தோடு வந்தார். ஜெயினம்பு பழக்கத்தில் பழைய மெஷினில் எடுத்துப் பார்த்துவிட்டு, "வெறும் கேஸ்தாண்ணே, ஒரு சோடா குடிங்க" என்று சொல்லிவிட்டாள். டாக்டர்தான் பிடிவாதமாகக் கம்ப்யூட்டரிலும் எடுக்கச் சொன்னார். அது மாரடைப்பு என்று அச்சடித்துத் துப்பியது. பெரியாஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்து பிழைத்து வந்த சேக் இஸ்மாயில், ஒரு கிலோ அல்வாவோடு வந்து மெஷின் அறை வாசலில் நின்றார்.

"அல்லா இந்தப் பெட்டி ரூபத்துல வந்து காப்பாத்துனான் தங்கச்சி" என்றார்.

ஜெயினம்பு அல்வாவைத் தின்றாள். சாப்பாட்டு நேரத்தில் தான் எடுத்த காகிதத்தைத் தேடி எடுத்து மறுபடி பார்த்தாள். மூன்றாவது கோட்டில் லேசான மேடு இருக்கத்தான் செய்தது. ஏப்பத்தைக் கேட்டதும் அவள் கண் கோட்டைப் பார்க்காமல் விட்டிருக்கிறது. இரண்டு நாள் தன்னைத் தானே காறித் துப்பிக்கொண்டாள். மெஷின் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை என்று அன்றைக்குப் புரிந்துபோனது. அதனால் இளக்காரம் முழுவதும் டாக்டர் பக்கமே திரும்பியது.

அடுத்த தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, பேரையூர்ப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். புருஷன் பெயர் பேயாண்டி. மூன்று ஏக்கர் கரிசலில் பருத்தி போட்டிருப்பவன். பெண்டாட்டி சின்னத்தாய்க்கு முப்பது வயசுகூட இருக்காது. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து வாந்தி, நெஞ்சடைப்பு. திருமங்கலத்தில் யாரோ சொன்னார்களாம், சிம்மக்கல்லில் கம்ப்யூட்டர் டாக்டர் இருக்கிறார், நெஞ்சுக்குள் இருப்பதை அப்படியே எழுதிக் காட்டிவிடுவார் என்று.

அன்றைக்கென்று வியாபாரிகள் சங்கத்திலிருந்து ஆறு பேர் மெஷினைப் பார்க்க வந்திருந்தார்கள். டாக்டர் அவர்களுக்கு டீ சொல்லிவிட்டு, நாடகக்காரர் மாதிரிக் கையை விரித்து விளக்கிக்கொண்டிருந்தார். சின்னத்தாயைக் கட்டிலில் படுக்கவைத்து, வந்தவர்கள் திரைக்கு வெளியே நிற்க, ஜெயினம்பு வயரை ஒட்டினாள். ஒட்டவில்லை. அந்த ஏசியிலும் சின்னத்தாயின் உடம்பு வியர்வையில் நனைந்து கிடந்தது. துடைத்துத் துடைத்து ஒட்ட வேண்டியிருந்தது. கடைவாயில் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. காகிதம் வந்தது. துடிப்பு நாற்பத்தெட்டு, மற்றபடி நார்மல்.

டாக்டர் காகிதத்தை வாங்கி, அடியில் கையெழுத்துப் போட்டு, சங்கத்தாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

"பாருங்க, ஒரு நிமிஷத்துல சொல்லிடுச்சு. ஹார்ட்ல ஒண்ணுமில்ல. காட்டுல உழைக்கிற உடம்பு, துடிப்பு கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கும்." பிறகு வாசலில் நின்ற பேயாண்டியைப் பார்த்து, "என்னப்பா, வீட்ல சண்டையா? ஏதாவது மருந்து குடிச்சாளா?" என்றார்.

பேயாண்டிக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் கேட்கிற கேள்வியா இது?

"என்னங்கய்யா இப்பிடிக் கேட்டுப்புட்டீங்க? எம் பொண்டாட்டி எதுக்கு மருந்து குடிக்கணும்? நாங்க அந்த மாதிரிக் குடும்பமில்ல."

"அப்ப பயம்தான். தூங்கினா சரியாயிடும்" என்று தூக்க மாத்திரையும் டானிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு, டாக்டர் சங்கத்தாரைத் தன் அறைக்கு அழைத்துப்போனார்.

வயரைக் கழற்றக் குனிந்த ஜெயினம்புவின் மூக்கில் ஒரு வாடை ஏறியது. வெள்ளைப்பூண்டும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி. புடவையில் இல்லை, தலைமுடியில் இருந்தது. சின்னத்தாயின் கன்னச்சதை தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. ஜெயினம்பு அவள் இமையை விரலால் தூக்கிப் பார்த்தாள். கண்மணி கடுகளவு சுருங்கிப் போயிருந்தது.

"தம்பி, இங்க வாங்க. பருத்திக்கு மருந்து அடிச்சீங்களா?"

"ஆமாக்கா, மூணு நாளா அடிக்கிறோம். புழு அம்புட்டு. நான் முதுகுல டேங்க்கைக் கட்டிட்டு அடிக்கிறேன். இவதான் தண்ணி கொண்டாந்து கலக்கித் தருவா."

"எதுல கலக்குவா?"

"கையிலதான். வேற எதுல?"

"நேத்து மேல எதும் கொட்டுச்சா?"

பேயாண்டி யோசித்தான். "டேங்க் மூடி சரியில்லக்கா. தூக்கிவிடும்போது அவ தலையில கொஞ்சம் ஊத்திருச்சு. கடைக்காரரு சொன்னாரு, இது ஒண்ணும் பண்ணாது, புழுவை மட்டுந்தான் கொல்லும்னு."

"அந்தக் கடைக்காரன் அதுல குளிக்கிறானான்னு கேட்டீங்களா?" என்றாள் ஜெயினம்பு.

அவள் டாக்டர் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள். உள்ளே டீ வந்திருந்தது.

"ஸார், அது பூச்சிமருந்து. தோல் வழியா ஏறியிருக்கு. கண்ணை வந்து பாருங்க."

"குடிக்கலைன்னு புருஷனே சொல்றான். கம்ப்யூட்டரும் நார்மல்னு சொல்லியாச்சு. நீங்க எப்பலேர்ந்து டாக்டரானீங்க, சிஸ்டர்?"

சங்கத்தாரில் ஒருத்தர் சிரித்தார். ஜெயினம்பு நகரவில்லை.

"கம்ப்யூட்டர்கிட்ட ஹார்ட்டைப் பத்திக் கேட்டீங்க, அது ஹார்ட்டைப் பத்திச் சொல்லுச்சு. அதுக்குக் கண்ணும் இல்ல, மூக்கும் இல்ல. உங்களுக்கு ரெண்டும் இருக்கு. அந்தப் பொண்ணு பஸ் ஸ்டாண்டுல விழுந்து செத்துச்சுன்னா, நார்மல்ங்கிற காகிதத்துல இருக்கிறது ஜப்பான்காரன் கையெழுத்து இல்ல ஸார், உங்க கையெழுத்து. இவங்க ஆறு பேரும் பாத்திருக்காங்க."

சிரித்தவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேதமூர்த்தி எழுந்து வந்தார். ஓர் உயிருக்காக அவர் எழுந்ததாக ஜெயினம்பு நினைக்கவில்லை. கையெழுத்துக்காக எழுந்தார். எதற்காக எழுந்தால் என்ன, எழுந்தாரே.

டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்ததும் மனுஷன் மாறிப்போனார். பழைய வேதமூர்த்தி எங்கேயோ உள்ளே ஒளிந்திருந்தவர் போல வெளியே வந்தார்.

"அட்ரோபின் எடு! எத்தனை இருக்கு?"

அந்த விஷமுறிவு மருந்தில் ஆறு ஊசிதான் இருந்தது. பேயாண்டியை மருந்துக்கடைக்கு ஓடவிட்டார்கள். ஜெயினம்புவும் ஆயா ஒச்சாயியும் சின்னத்தாயின் புடவையை உருவி எறிந்துவிட்டு, தலையிலிருந்து கால்வரை சோப்புப் போட்டுக் கழுவினார்கள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாம் தடவை. பத்து நிமிஷத்துக்கு ஓர் ஊசி. வாய் உலர்கிறதா, கண்மணி விரிகிறதா என்று டாக்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். சட்டைக்கையை மடித்துவிட்டுத் தானே எச்சிலைத் துடைத்தார். நாடியை விரலால் எண்ணினார். ஜெயினம்பு அதைப் பார்த்தாள். கோபம்தான் இன்னும் கூடியது. இவ்வளவும் தெரிந்த ஆள்தானே!

சாயங்காலத்துக்குள் மூச்சு சீரானது. ஆனால் அந்த ஊசியும் லேசுப்பட்டதில்லை, ஊமத்தங்காய் தின்றவள் மாதிரி அவளை ஆக்கிவிட்டது. இல்லாத செடியிலிருந்து பருத்தி எடுத்து இல்லாத மடியில் போட்டுக்கொண்டே இருந்தாள். பேயாண்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "போதும் தாயி, எடுத்தது போதும்" என்று அழுதான். மறுநாள் மத்தியானம்தான் அவளுக்குப் புருஷனை அடையாளம் தெரிந்தது.

பத்து நாளில் ஊரெல்லாம் வேறு கதை பரவியிருந்தது. துடிப்பு நாற்பத்தெட்டு என்று காட்டிப் பூச்சிமருந்து விஷத்தைக் கம்ப்யூட்டரே பிடித்துவிட்டதாக வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் டாக்டர் பேசினாராம். சால்வை போட்டார்களாம். ஜெயினம்புவிடம் இதைச் சொன்ன ஒச்சாயி, "ஒன் பேரச் சொல்லவே இல்லையாம்த்தா" என்று வருத்தப்பட்டாள்.

"அந்த வாயால எம் பேரைச் சொல்லி, அது வேற அழுக்காகணுமா?" என்றாள் ஜெயினம்பு. ஆனால் அன்றிலிருந்து வயரை ஒட்டுவதற்கு முன்னால், என்ன வேலை பார்க்கிறீர்கள், நேற்று எதைத் தொட்டீர்கள் என்று கேட்டுக் காகிதத்தின் பின்பக்கம் பேனாவால் எழுத ஆரம்பித்தாள். காகிதம் அசிங்கமாகிறது என்று டாக்டர் இரண்டு தடவை கண்டித்தார். மூன்றாவது தடவை பின்பக்கத்தைத்தான் முதலில் திருப்பிப் பார்த்தார்.

பங்குனியில் பேயாண்டியும் சின்னத்தாயும் ஒரு பை துவரம்பருப்போடு வந்தார்கள். நேராக ஏசி அறைக்குப் போய் மெஷினைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஜெயினம்புவிடம் வந்தார்கள். அவளுக்கு வாய்வரைக்கும் ஒரு வார்த்தை வந்தது. சின்னத்தாயின் கைகளைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள். இரண்டு கையும் இன்னும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன.

"மருந்து அடிக்கிறதை விட்டாச்சா?"

பேயாண்டி தலையைச் சொறிந்தான். "எப்பிடிக்கா விடுறது? முந்தின வருஷம் அடிக்காம விட்டோம். புழு தின்னது போக மிச்சம் சொத்தைக்காய்தான். இந்த வருஷம்தான் நல்ல பருத்தி எடுத்திருக்கோம். மூத்தவள ஆறாம் வகுப்புல சேக்கணும்ல."

விடு என்று சொல்ல ஜெயினம்பு யார்? அவளிடமா காடு இருக்கிறது? பீரோவைத் திறந்து, ஆபரேஷன் தியேட்டருக்கு வந்திருந்த ரப்பர் கையுறையில் நாலு ஜோடியை யாரையும் கேட்காமல் எடுத்தாள்.

"இதை மாட்டாம அந்த டப்பாவைத் தொடக் கூடாது. குச்சியால கலக்கணும். காத்துக்கு எதிர நின்னு அடிக்கக் கூடாது. அடிச்ச அன்னைக்குத் தலை குளிக்காம சோத்துல கை வைக்கக் கூடாது. தம்பி, அந்த டேங்க் மூடியை மாத்துனீங்களா?"

"மாத்திட்டேங்க்கா."

"ஓட்டையாகாதாக்கா?" என்று சின்னத்தாய் கையுறையை இழுத்துப் பார்த்தாள்.

"ஆகும். ஓட்டையானா எங்கிட்ட வா. வேற யாருகிட்டயும் கேக்காத."

சின்னத்தாய் வராந்தாவிலேயே அதை மாட்டிப் பார்த்தாள். விரல்கள் நடுங்கியதால் நேரமாயிற்று. ஒரு விரல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு போய் மாட்டிக்கொண்டன. பேயாண்டி சிரித்தான்.

"சிரிக்காத" என்று அவன் கையில் இன்னொரு ஜோடியைத் திணித்தாள் சின்னத்தாய். "இது ஒனக்கு."