ஊர் சிரித்த கிட்டார்

இந்த மனுஷன் இப்போதாவது என் தம்பியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்வாரா? பழைய பேண்டின் ஜிப்பைப் பிரித்துக்கொண்டே நினைத்தாள் தையல்காரி. கடை ஸ்டூலில் இசையமைப்பாளர் உட்கார்ந்திருந்தார்.

பட்டிதொட்டியெல்லாம் ஒலித்த பாட்டு அவருடையது. நடுவில் வரும் கிட்டார் மட்டும் அவள் தம்பி வாசித்தது. பூனை வாலை மிதித்தது போல இருக்கிறதென்று ஊரே சிரித்தது. கச்சேரிகளில் அந்த இடம் வந்தால் கூட்டம் 'மியாவ்' என்று கத்தும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? முதலில் தம்பியும் சேர்ந்து சிரித்தான். பிறகு கிட்டாரைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான். போன மழைக்காலத்துக் காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது.

"பாட்டைப் புதுசா வெளியிடுறோம்மா. கிட்டாரை மட்டும் வேற ஒருத்தரை வாசிக்க வெச்சிருக்கேன். தேன் மாதிரி இருக்கு. ஆனா உன் தம்பி பேருதான் போடப்போறேன். இனி ஒருத்தனும் சிரிக்க மாட்டான். நீ சரின்னு சொன்னா போதும்."

"ரெக்கார்டிங் அன்னைக்கு என்னதான் ஆச்சு சார்?"

அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "பாடகருக்கு எட்டலைன்னு பாட்டோட சுருதியை இறக்கினோம். உன் தம்பி ஹெட்போன்ல பழைய சுருதியே ஓடிட்டிருந்தது. யாரும் கவனிக்கல."

"அவன்கூடவா?"

"வெளிய வந்து கேட்டதுமே முகம் செத்துப்போச்சு. இன்னொரு தடவை வாசிக்கிறேன் சார்னு கெஞ்சினான். அவசரம்மா… அப்புறம் பாத்துக்கலாம்னுட்டேன்."

அவள் கை நின்றது. வீட்டில் அவன் இதைச் சொன்னதேயில்லை. "அன்னைக்கு எனக்குக் கை வரலக்கா" என்பான், அவ்வளவுதான். யாரையும் காட்டிக்கொடுக்காமல் அத்தனை சிரிப்பையும் தானே விழுங்கியிருக்கிறான்.

அவன் கெஞ்சிக் கேட்டுக் கிடைக்காத அந்த இன்னொரு தடவை இப்போது வேறொருவருக்குக் கிடைத்திருக்கிறது. சரியென்றால் கேலி நின்றுவிடும். அந்த ஆசை அவளுக்கும் தொண்டைவரை வந்தது. ஆனால் பாட்டில் தம்பி எங்கே இருப்பான்? அவன் பேர் இருக்கும். அவன் இருக்க மாட்டான்.

"புது வாசிப்பைக் கேட்டுத்தான் பாரேன்." அவர் போனை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. மடியில் கிடந்த நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"வேணாம் சார்," என்றாள், குரல் உயராமல். "யாரோ வாசிச்சதுக்கு என் தம்பி பேரைப் போடாதீங்க."