எடுத்தாச்சு என்று சொன்னார்கள்

1

இந்தக் கதையை என்னிடம் எழுதி வாங்கியவர்களே இப்போது இதைத் திருத்தித் தரவும் சொல்கிறார்கள். திருத்த மாட்டேன். அந்த ஆத்திரத்தில்தான் முதலிலிருந்து மறுபடி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அங்கங்கே குரல் தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை பிறந்த கதை இது. ஒரு பெரிய மருத்துவமனையின் பயிற்சித் துறைத் தலைவர் என்னை அழைத்தார். மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் மருத்துவ அறம் பற்றி வகுப்பு எடுக்கிறார்களாம். இக்கட்டான நேரத்தில் எது சரி என்று எப்படி முடிவெடுப்பது என்கிற வகுப்பு.

"பாடமா நடத்தினா தூங்கிடறாங்க மேடம். கதையா குடுத்தா சண்டை போடுவாங்க. ரெண்டு பக்கம் போதும். முடிவு மட்டும் எழுதாதீங்க, அதை அவங்களே தேடட்டும்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். ஒரு பெரியவர், கணையத்தில் புற்றுநோய். "அப்பாகிட்ட சொல்லாதீங்க, தாங்க மாட்டார்" என்கிறார்கள் பிள்ளைகள். மருத்துவர் தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் பெரியவர் கேட்கிறார்: "எனக்கு என்ன டாக்டர்?" அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன்.

2

வகுப்பு நடந்த அன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தலைவர் சொன்னபடியே சண்டை போட்டார்கள்.

"குடும்பம்தான் சார் நாளைக்கு நம்ம மேல கேஸ் போடும். பெரியவர் போடப்போறதில்ல" என்றார் ஒரு மருத்துவர்.

"அவர் கேக்கறாரே சார். கேட்டவருக்குத்தானே பதில் சொல்லணும்?" என்றார் ஒரு செவிலியர்.

தலைவர் கடைசியில் பலகையில் நிதானமாக எழுதினார். நோயாளி நேராகக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரையே கேட்க வேண்டும். அந்த அளவுக்குச் சொல்ல வேண்டும். யார் தடுத்தாலும். 'யார் தடுத்தாலும்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

முன்வரிசையில் ஒரு இளம் பெண் மருத்துவர் கை தூக்கினார். "சார், பெரிய டாக்டரே சொல்லாதேன்னு சொன்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். "அப்ப பெரிய டாக்டரையும் இந்த வகுப்புக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார் தலைவர். இன்னும் சிரித்தார்கள்.

(பெரிய டாக்டர் என்றால் தலைமை அறுவை மருத்துவர். வகுப்புக்கு அவர் வரவில்லை. அறுவை இருந்ததாம். அறம் பற்றிய வகுப்பு நடக்கும்போதெல்லாம் அவருக்கு அறுவை இருக்கும் என்று பக்கத்தில் இருந்தவர் என் காதில் சொன்னார்.)

3

இனி உண்மையில் நடந்தது. இதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் திணறினேன்.

[முதல் முயற்சி: மரணம் அவர் வாசலில் ஒரு நிழலைப் போல... அடித்துவிட்டேன். மரணம் யார் வாசலிலும் நிழலாக நின்று நான் பார்த்ததில்லை.]

[இரண்டாம் முயற்சி: அவர் துணிச்சலான பெண்மணி, எனவே... இதையும் அடித்தேன். துணிச்சல்காரிக்கு மட்டும்தான் உண்மை சொல்லலாம் என்று ஆகிவிடும். பயந்தாங்கொள்ளிக்கும் அவரவர் வயிறு அவரவருடையதுதான்.]

சாதாரணமாகவே சொல்கிறேன். அவர் ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம்தான் கார் ஓட்டப் பழகினார்கள். "கிளட்சை மெதுவா விடு" என்று ஓயாமல் சொல்லிச் சொல்லி, 'கிளட்ச் அக்கா' என்று பேர் வந்துவிட்டது. கணவர் இல்லை. மகன் கூடவே இருக்கிறார். மகள் வெகு தூரத்தில், வேறு நாட்டில்.

அக்காவுக்குக் கண் மஞ்சளாகி, வயிற்றில் கட்டி என்று தெரிந்து, பெரிய டாக்டர் வயிற்றைத் திறந்தார். கல்லீரல் வரை பரவியிருந்தது. எடுக்க வழியில்லை. மூடித் தைத்துவிட்டு, வெளியே வந்து மகனிடம் சொன்னார். மகன் சுவரைப் பிடித்துக்கொண்டு, "அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க டாக்டர்" என்றார்.

சொல்லாமல் இருந்திருந்தால் அது ஒரு தவறு. பெரிய டாக்டர் அதற்கு மேலும் போனார். அக்கா கண் விழித்ததும் அருகில் வந்து, "கட்டியை எடுத்தாச்சும்மா. இனிமே நல்லா சாப்பிடுங்க" என்றார். சொல்லிவிட்டு, வார்டில் இருந்த எல்லோரும் இதையே சொல்ல வேண்டும் என்று உத்தரவும் போட்டார்.

* 'எடுத்தாச்சு.' இந்த வினையைக் கவனியுங்கள். யார் எடுத்தார், எதை எடுத்தார், எப்போது எடுத்தார் என்று எதற்கும் இது பதில் சொல்லாது. காரியம் தானாகவே நடந்து முடிந்த மாதிரி நிற்கும். ஆள் ஒளிந்துகொள்ள நம் மொழியில் இவ்வளவு வாகான மறைவிடம் வேறு இல்லை.

மகளுக்கும் செய்தி போனது. "ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது. அவசரமில்ல, லீவுக்கு வந்தா போதும்."

4

இனி வருவதை, வகுப்பில் கை தூக்கிய அந்த இளம் மருத்துவரும் அக்காவும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போயின. அக்காவிடம் கேட்டு, சரி என்ற பிறகுதான் மருத்துவர் என்னிடம் வாயைத் திறந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காலையில் காயத்துக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார் இளம் மருத்துவர். மகன் மருந்து வாங்கப் போயிருந்தார்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கறேன். நிஜமாவே எடுத்தீங்களா?"

மருத்துவரின் கை நின்றது.

"எத்தனையோ பேர் பக்கத்துல உக்காந்து ஓட்டக் கத்துக் குடுத்திருக்கேன். பயந்தவங்க கண்ணாடியைப் பாக்கவே மாட்டாங்க. நேரா ரோட்டையே வெறிச்சிட்டிருப்பாங்க. இந்த வார்டுல எல்லாரும் அப்படித்தான் இருக்கீங்க."

மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடியே கேட்டார். "எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கறீங்கம்மா?"

"முழுசா."

"எடுக்கலம்மா. எடுக்க முடியல. கல்லீரல் வரைக்கும் போயிருக்கு."

"எவ்வளவு நாள்?"

"சரியா சொல்ல முடியாது. வருஷக்கணக்கு இருக்காது. மாசங்கள்தான். வலி இல்லாம பாத்துக்க முடியும், அதுக்கு நான் பொறுப்பு."

அக்கா தலையைத் தூக்கித் தன் வயிற்றுக் கட்டைப் பார்த்தார். பிறகு, "அந்த டேப்பை முழுசா ஒட்டும்மா. பாதியில விட்டுட்ட" என்றார்.

[இந்த இடத்தில் அக்கா குமுறி அழுவதாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவரிடம் படித்துக் காட்டினேன். "அழுதேன். ஆனா அங்க இல்ல. வீட்டுக்கு வந்து, குளியலறையில. வேணும்னா அதைப் போட்டுக்கோ" என்றார். போட்டுக்கொண்டேன்.]

மருத்துவர் ஒட்டி முடித்ததும் அக்கா போனை வாங்கி மகளை அழைத்தார். "லீவெல்லாம் பாக்காத. இப்ப கிளம்பி வா."

5

மகனை வில்லனாக்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். கோபத்துக்கு ஒரு முகம் கிடைத்தால் எழுதுவது சுலபம். அவர்தான் புகார் கொடுத்தவர். எங்களைக் கேட்காமல் என் அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள் என்று, அன்றைக்கே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அக்காவைப் பார்க்க வீட்டுக்குப் போனபோது கதவைத் திறந்தவர் அவர்தான். முழங்கை வரை சோப்பு நுரை. அம்மாவின் போர்வையைத் துவைத்துக்கொண்டிருந்தார்.

"என்னைக் கெட்டவன்னுதானே எழுதப்போறீங்க?" என்றார்.

நான் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன்.

"அப்பா போனப்போ அம்மா சோறு தண்ணி இல்லாம கிடந்தாங்க. எங்களையே அடையாளம் தெரியாத மாதிரி பாத்தாங்க. அப்ப நான் சின்னப் பையன். இதைச் சொன்னா மறுபடி அப்படிப் படுத்துடுவாங்கன்னு பயந்தேன். அதான். வேற ஒண்ணுமில்ல."

உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தார். "அவனைத் திட்டாதீங்க. நான் பெத்தது. பயந்தவன் பிரேக்கைத்தான் மிதிப்பான். பக்கத்துல இருக்கறவங்க சொல்லித் தரணும்."

அந்தப் பத்தியோடு வில்லன் போய்விட்டார். ஆனால் கோபம் போகவில்லை, இடம் மாறியது. மகனுக்கு இருந்தது பயம். அவருக்கு யாரும் எந்த வகுப்பும் எடுக்கவில்லை. பெரிய டாக்டருக்கு என்ன பயம்? பலகையில் எழுதிய தலைவருக்கு என்ன பயம்?

மகன் புகாரைத் திரும்பப் பெறப் போனார். "புகார் வாங்கியாச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

6

இளம் மருத்துவர் மீது விசாரணை. மூத்த மருத்துவரின் அறிவுறுத்தலை மீறினார் என்பது குற்றம். புகார் வந்த அன்று முதல் வார்டுக்குள் நுழையக் கூடாது. வலி இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று அக்காவுக்குக் கொடுத்த வாக்கை, அக்கா வார்டில் இருந்த வரை, அவர் வாசலுக்கு வெளியே நின்றபடி, இன்னொரு மருத்துவரைக் கெஞ்சிக் கெஞ்சிக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பயிற்சித் துறைத் தலைவர் என்னை மறுபடி கூப்பிட்டார்.

"உங்க கதைக்கு ஒரு முடிவு வேணும் மேடம். திறந்து விட்டதால சில பேர் தப்பா புரிஞ்சுக்கறாங்க."

இரண்டு முடிவுகளை அவரே வைத்திருந்தார். ஒன்று: மருத்துவர், "ஒண்ணுமில்லைய்யா" என்கிறார், பெரியவர் புன்னகையோடு கண்மூடுகிறார். இரண்டு: "உங்க பிள்ளைங்ககிட்ட பேசிக்கோங்க" என்று சொல்லிவிட்டு மருத்துவர் அடுத்த கட்டிலுக்குப் போகிறார்.

"யார் தடுத்தாலும்னு பலகையில எழுதி ரெண்டு கோடு போட்டது நீங்கதானே சார்?"

"அது வகுப்பு மேடம். வார்டு வேற."

"அப்ப வகுப்பு எதுக்கு?"

"மருத்துவமனைக்குத் தரச் சான்று குடுக்க வர்றவங்க கேப்பாங்க. அறம் பத்திப் பயிற்சி குடுக்கறீங்களான்னு."

(இதற்குப் பிறகு நான் சொன்னதை அச்சில் போட முடியாது.)

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே, ஏட்டில் இருந்ததை நம்பிக் கறி சமைத்தவளையே அடுப்பில் தூக்கி வைக்கிறார்கள். நீச்சல் கற்றுக்கொடுத்துவிட்டு, ஆற்றில் ஒருவர் மூழ்கும்போது குதித்தவளிடம், நனைந்தது ஏன் என்று விளக்கம் கேட்கிறார்கள். அந்த வகுப்பில் சிரித்தவர்களில் ஒருவர்கூட அவளுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. செவிலியர் ஒருவர் மட்டும் நடைபாதையில் வைத்து அவள் தோளைத் தொட்டுவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நகர்ந்திருக்கிறார். இதுதான் நாம் கொடுத்த பயிற்சியின் பலன். நல்லதைச் செய்பவரைத் தொடுவதற்கு முன் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

7

விசாரணை நாள். நானும் போயிருந்தேன். நிர்வாகக் கட்டடத்தின் நடைபாதை, சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். இளம் மருத்துவர் வெள்ளைக் கோட்டு இல்லாமல், யார் வீட்டுப் பெண்ணோ போல உட்கார்ந்திருந்தார்.

லிஃப்ட் திறந்தது. சக்கர நாற்காலியில் கிளட்ச் அக்கா. பாதியாக இளைத்திருந்தார். தள்ளிக்கொண்டு வந்தது மகள்; அக்கா கூப்பிட்ட வாரமே வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தவள். பின்னால் மகன். அக்காவை யாரும் அழைத்திருக்கவில்லை. அவராகவே கிளம்பி வந்திருந்தார்.

வாசலில் நின்ற எழுத்தரிடம், "நானும் உள்ள போய்ப் பேசணும்" என்றார்.

எழுத்தர் உள்ளே போய்விட்டு வந்தார். நல்ல மனிதர்தான், தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். "நோயாளி வரத் தேவையில்லையாம்மா. குடும்பத்துல யாராவது ஒருத்தர் வந்தா போதுமாம்."

சொல்லிவிட்டு மகனைப் பார்த்தார்.

"என் வயித்தைப் பத்தித்தான் உள்ள பேசறாங்களா?" என்று அக்கா கேட்டார்.

"ஆமாம்மா."

"என்கிட்ட சொன்னது தப்புன்னு முடிவு பண்றதுக்கும் என்கிட்ட கேக்க மாட்டாங்களா?"

மகன் அம்மாவைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். இளம் மருத்துவர் எழுந்து நின்றார்.

[மகன் "எங்கம்மா வந்தாத்தான் நானும் வருவேன்" என்று சொல்வதாக... ]

[கதவு உள்ளிருந்து திறந்து, பெரிய டாக்டரே வெளியே வந்து அக்காவின் முன்னால்... ]

இரண்டையும் பாதியில் விட்டிருக்கிறேன். அன்று நடந்தது எனக்குத் தெரியும். உங்களிடம் சொல்லப்போவதில்லை. சொன்னால் "அப்பாடா" என்பீர்கள், அல்லது "அடப்பாவமே" என்பீர்கள். எப்படியும் எழுந்து வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். போக விடமாட்டேன்.

உள்ளே ஒரு நீள மேசை. அதில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. அது உங்களுக்கு. பக்கத்தில் இருப்பவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். எழுத்தர் கதவைப் பாதி திறந்து, தலையை மட்டும் நீட்டி, குறிப்பாக உங்களைப் பார்த்துக் கேட்கிறார்:

"யாரை உள்ள அனுப்பட்டும்?"