அறுபது நொடிப் பிழை

எழிலரசனுக்கு ஆரணியில் வீட்டிலிருந்தே வேலை. பக்கத்து வீட்டுத் தறி ஓயாமல் அடிக்க, அவன் மாடியில் உட்கார்ந்து, கருவியை முடுக்கியதும் முதலில் ஓடுகிற மென்பொருளில் 'வாட்ச்டாக்' டிரைவர் நிரல்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். வாட்ச்டாக் என்பது ஒரு காவல் கடிகாரம். அவ்வப்போது அதைத் தட்டிக்கொடுக்க வேண்டும். கெடுவுக்குள் தட்டாவிட்டால், கருவி உறைந்துவிட்டதென்று முடிவுகட்டி அதை முதலிலிருந்து ஓடவைக்கும். பன்னிரண்டு டிரைவர்களில் ஒரே வேலையைப் பன்னிரண்டு விதமாக எழுதிவைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் ஓரிடத்துக்குக் கொண்டுவருவது அவன் பொறுப்பு. மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களிடம் அம்மா பரிமளா இதைக் "கம்ப்யூட்டர்" என்று ஒரே சொல்லில் முடித்திருந்தாள்.

ஏழாவது கோப்பின் தலையில் எழுதியவர் பெயர் இருந்தது: ஹெப்சிபா.

சென்னையில் நான்கு வருடம் பக்கத்து நாற்காலி. ஒருமுறை அவன் மில்லிசெகண்டைச் செகண்டாக எண்ணிவிட்டான். அறுபது நொடியில் விழிக்கவேண்டிய காவல் பதினாறு மணி நேரம் தூங்கியது. அவள் அன்று திட்டியதை இன்றைக்கும் வரி மாறாமல் ஒப்பிப்பான். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லாமலே நான்கு வருடத்தையும் ஓட்டிய வீரன். அவள் நெதர்லாந்து போய் மூன்று வருடமாகிறது.

பல நாட்டார் சேர்ந்து எழுதுகிற மென்பொருள் அது; பொது மடல்குழுவுக்குத் திருத்தம் அனுப்பினால் கோப்பை எழுதியவருக்கும் ஒரு பிரதி போகவேண்டும் என்பது அந்தத் தொழிலின் வழக்கம். 'எப்படி இருக்கிறாய்' என்று எழுத வராத கைக்கு இது போதுமே. அவள் கோப்பில் மட்டும் அந்தப் பழைய தப்பை வேண்டுமென்றே மறுபடி செய்து அனுப்பினான். பார்த்தால் திட்டாமல் இருக்கமாட்டாள்.

பத்தொன்பதாவது நிமிடம் பதில் வந்தது. முன்பின் தெரியாத ஜெர்மன்காரர் ஒருவர், ஆயிரத்தால் வகுக்க மறந்துவிட்டீர்கள் என்று எல்லாரும் பார்க்க, மிகப் பணிவாகச் சொல்லியிருந்தார்.

அவளிடமிருந்து இரண்டு நாளாக ஒன்றுமில்லை. "இன்னா எழிலு, சோறு ஆறிகினு கீது. அந்தப் பொட்டிய அப்பிடி இன்னாதான் பாத்துகினு கீற?" என்றாள் அம்மா. வேலை என்றான்.

தப்பை அப்படியே விட்டுவைத்தால் என்ன என்று ஒரு மனம். எங்கோ ஒரு கருவி பதினாறு மணி நேரம் உறைந்து கிடக்குமே என்று இன்னொரு மனம். மூன்றாம் நாள் திருத்தி அனுப்பினான். தூண்டிலில் இருந்த ஒரே புழுவையும் தானே கழற்றிப் போட்டாயிற்று.

அரைமணியில் அவள் மெயில், அவனுக்கு மட்டும்:

"இந்தக் கணக்குல நீ ரெண்டாந்தபா தப்பு பண்றவன் இல்ல. வேணும்னுதான வுட்ட? திட்டி எழுதி வெச்சிருந்தேன், அந்த ஆளு முந்திகினாரு. இப்ப திட்டறதுக்கும் ஒண்ணும் இல்ல. இனிமே நான் என்னன்னு எழுதறது, நீயே சொல்லு."

நான்கு முறை பதில் எழுதி அழித்தான். ஐந்தாவது முறை, "ஆமா, வேணும்னுதான். நீ எப்ப ஊருக்கு வருவ?" என்று எழுதி, ஒரு தரம்கூடச் சரிபார்க்காமல் அனுப்பினான். பிறகு, அங்கே இப்போது மணி என்ன இருக்கும் என்று விரல்விட்டு எண்ணியபடி உட்கார்ந்திருந்தான்.