நடுரோட்டு நெல்

ஆவாரங்குளம் பேரூராட்சியில் குடிதண்ணீர் வீட்டுக் குழாயில் வராது, ரோட்டில் வரும். குழாய் பதிக்க ஊர் நுழைவில் பள்ளம் தோண்டியவர்கள் மூட மறந்து போனார்கள். பதித்த குழாயும் சீக்கிரமே உடைந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் பள்ளம் அகன்று ரோட்டில் முக்கால்வாசியைத் தின்றுவிட்டது. அதில் விரால் கிடப்பதாகப் பேச்சு. தூண்டில் போட்டவர்களுக்கு விரால் அகப்படவில்லை, ஒரு ஹெல்மெட் அகப்பட்டது. சாணார்பட்டிக்காரர் ஒருவர் கையில் மாவுக்கட்டோடு வந்து அடையாளம் சொல்லி அதை வாங்கிப்போனார்.

அய்யம்மாளுக்கு விராலைப் பற்றிக் கவலையில்லை. மகள் கௌசல்யா வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். தை பிறந்ததும் பேறுகாலம். போன மாதம் தெருவில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்று ஆம்புலன்ஸைக் கூப்பிட்டபோது, அது பள்ளத்துக்கு அந்தக் கரையிலேயே நின்றுவிட்டது. இந்தக் கரையிலிருந்து அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். அய்யம்மாளும் கட்டிலின் ஒரு காலைப் பிடித்திருந்தாள். கட்டில் ஆடிய ஆட்டத்தில் அதில் கௌசல்யா கிடப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. அன்றைக்கே பேரூராட்சி ஆபீசுக்குப் போனாள்.

ஓவர்சியர் சார்லஸ் நல்ல மனிதர். யாரையும் ‘முடியாது’ என்று திருப்பி அனுப்பியதில்லை.

“மழை நிக்கட்டும்மா. ஈரத்துல தார் ஒட்டாது.”

“கார்த்திகையில நின்னுரும் சார்.”

“அப்பறம் பனி வந்துரும்ல? பனியில தார் இறுகாது.”

“தையில?”

“தையில பழனிக்குப் பாதயாத்திரைக் கூட்டம் நடக்குது. சூட்டுத் தார்ல சாமிமார் கால் வெந்துருச்சுன்னா நீங்க பதில் சொல்லுவீகளா? மாசியில வருசக் கணக்கு முடிக்கணும்.”

“அப்ப கோடையிலயாச்சும் போடுங்க சார்.”

“கோடையில எதுக்கும்மா? தண்ணி வத்திரும், பள்ளம் நல்லாக் கண்ணுக்குத் தெரியும். ஓரமாப் போயிக்கிரலாம்.”

ஆபீஸ் வாசலில் மணல் மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. முன்னால் ஒரு தகரப் பலகை: ‘மழை மற்றும் பனிக்காலச் சாலைப் பாதுகாப்பு — தயார் நிலை.’ மேலதிகாரிகள் வரும்போதெல்லாம் அந்த மூட்டைகளைத் தூசி தட்டி, பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள். மழையில் நனையக் கூடாதென்று மேலே தார்ப்பாய் போட்டிருந்தது. மூட்டைச் சந்துக்குள் ஒரு பூனை இரண்டாம் தடவையும் குட்டி போட்டுவிட்டது.

“இந்த மூட்டையத் தூக்கிப் பள்ளத்துல போட்டா என்ன சார்?”

சார்லஸ் பதறிவிட்டார். “போட்டுட்டா அப்பறம் தயார் நிலைன்னு எதம்மா காட்டுறது?”

அதன் பிறகுதான் ஊர் கூடி நாற்று நடும் போராட்டம் என்று முடிவெடுத்தது. மற்ற ஊர்களில் இந்தப் போராட்டம் எப்படியென்றால், நாலு பேர் சேற்றில் இறங்கிக் கைப்பிடி நாற்றைச் சொருகுவார்கள், பேப்பர்காரர் படம் எடுப்பார், கோஷம் போட்டுவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டு போவார்கள். நாற்று மறுநாள் சாய்ந்துவிடும். ஆவாரங்குளத்துக்காரர்கள் செய்த தப்பு, நடுகிற வேலையை அய்யம்மாளிடம் விட்டது.

அய்யம்மாளின் காடு வானம் பார்த்த பூமி. கிணறு தூர்ந்ததிலிருந்து சோளமும் கொள்ளும்தான். நெல் நட்டு எத்தனையோ வருசம். மழை சற்று விட்டு, பள்ளத்தில் கணுக்கால் புதையும் சேறும் வற்றாத தண்ணீருமாகக் கண்ட மாத்திரத்தில் அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. கோஷம் போட்டவர்களை ஓரமாக நிற்கச் சொன்னாள். வேப்பந்தழை போட்டு மிதித்தாள், சேற்றைத் தடவி மட்டம் பார்த்தாள், கயிறு பிடித்து வரிசை நட்டாள். பேப்பர்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

லோடு ஆட்டோ ஓட்டும் மைதீன் பிச்சைதான் முதலில் சொன்னவன். “அக்கா, போராட்டம் பண்ணச் சொன்னா வெவசாயம் பண்ணிக்கிட்டு இருக்க.”

“நாத்துக்கு என்னடா தெரியும் போராட்டம்? நட்டா ஒழுங்கா நடணும்.”

பயிர் பிடித்துக்கொண்டது. சாக்கடைத் தண்ணீரும் வந்து சேர்ந்ததில் கருகருவென்று ஏறியது. பூ விற்கக் கூடையோடு போகும்போதும் வரும்போதும் அய்யம்மாள் குனிந்து களை பிடுங்குவாள். கார்த்திகையில் கொக்கு வந்தது. மார்கழிப் பனியில் பயிரைப் பார்த்த வெளியூர் டிரைவர்கள் வழி தப்பி வயலுக்குள் வந்துவிட்டோம் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அந்த மாதம் பள்ளத்தில் ஒருவரும் விழவில்லை. சார்லஸ் அதையும் பேரூராட்சியின் சாதனையாக மேலே எழுதியனுப்பினார்.

கதிர் வெளிவந்து பால் பிடிக்கும் சமயம், ஒரு காலையில் ரோடு ரோலர் வந்து நின்றது. பின்னால் தார், ஜல்லி, சார்லஸ். யாரோ பெரியவர் அந்த வழியாக வரப்போகிறார் என்று சொல்லிக்கொண்டார்கள்.

அய்யம்மாள் ஓடி வந்தாள். ரோலரைப் பார்த்தாள். பால் கதிரைப் பார்த்தாள். கௌசல்யாவின் வயிறு ஞாபகம் வந்தது. ஆனாலும் வாய், “செத்த நேரம் பொறுங்க சார்” என்றுதான் சொன்னது. “அறுத்துக்கிர்றேன். கதிரு மேல சக்கரத்த ஏத்தாதீக.”

அம்புட்டுதான். சார்லஸ் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். செல்போனை எடுத்தார். “சார், பொதுமக்கள் எதிர்ப்பு. ஆமா சார், கடுமையான எதிர்ப்பு. வண்டியத் திருப்பிர்றோம்.”

“யோவ், எதிர்ப்பில்லய்யா! அருவா எடுத்துட்டு வாரேன்யா!”

அவள் அரிவாளோடு திரும்பி வந்தபோது ரோலர் செம்பட்டி ரோடு வரை போயிருந்தது. ரோலர் அந்த வேகத்தில் ஓடி அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை.

அய்யம்மாள் பள்ளத்தில் இறங்கினாள். ஒரு கதிர் விடாமல் அறுத்தாள். அழுதாளா, திட்டினாளா என்று கரையில் நின்றவர்களுக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே மூச்சில் வந்துகொண்டிருந்தது. பச்சைக் கட்டைத் தலையில் வைத்து மைதீன் பிச்சையின் வண்டியில் ஏறி, ஆபீசுக்குள் நுழைந்து சார்லஸ் மேசைமேல் போட்டாள். பால் கதிர் நசுங்கி மேசைக் கண்ணாடியில் வழிந்தது.

“இந்தாய்யா உன் எதிர்ப்பு. அறுத்தாச்சு. ரோலரக் கூப்பிடு.”

“திரும்ப அனுப்புனத வரவைக்க முறை இருக்கும்மா. வெயில்காலம் வரட்டும்…”

அதற்குள் மைதீன் பிச்சை போனும் கையுமாக உள்ளே ஓடி வந்தான். “அக்கா, கௌசல்யாவுக்கு வலி கண்டுருச்சாம்! ஆம்புலன்ஸ் பள்ளத்துக்கு அங்கிட்டு நிக்கிதாம்!”

நாள் முந்திக்கொண்டது. அய்யம்மாள் ஒரு கணம் சார்லஸைப் பார்த்தாள். பிறகு வெளியே போய்த் தார்ப்பாயை இழுத்து எறிந்தாள். பூனையைக் குட்டிகளோடு தூக்கி ஆபீஸ் நாற்காலியில் வைத்தாள். முதல் மூட்டையை முதுகில் ஏற்றினாள்.

“ஏம்மா, அது கவர்மெண்ட்டு மணலு!” என்று சார்லஸ் ஓடி வந்தார்.

“ரோடு எவன் வீட்டு ரோடுய்யா? கவர்மெண்ட்டு மணலக் கவர்மெண்ட்டு ரோட்டுலதான போடப் போறேன், என் அடுப்படியிலயா போடுறேன்? வழிய விடு!”

சார்லஸ் வழி விட்டார். அரிவாள் இன்னும் அவள் இடுப்பில் இருந்தது.

பள்ளத்தில் ஒரு தடவையாவது விழுந்தவர்களெல்லாம் கை கொடுக்க வந்தார்கள், அதாவது ஊரே வந்தது. மைதீன் பிச்சை வண்டி போய்ப் போய் வந்தது. மூட்டைகள் கைமாறிக் கைமாறித் தண்ணீரில் இறங்கின. ஆம்புலன்ஸ் டிரைவர் மேலே ஏறிக் குதித்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். அது தளும்பாமல் இந்தக் கரை வந்து, கௌசல்யாவை ஏற்றிக்கொண்டு, தளும்பாமல் அந்தக் கரை போயிற்று. இத்தனை மாதம் ஆகாதென்று சொன்ன வேலை ஒரு பிரசவ வலிக்குள் முடிந்தது. திண்டுக்கல் போய்ச் சேர்ந்ததும் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

குழந்தையோடு ஊர் திரும்பிய அன்று பள்ளத்தருகே சின்னக் கூட்டம். மூட்டைகளின் மேல் சார்லஸ் வெள்ளைச் சட்டையில் நின்றார், ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தகரப் பலகை நட்டிருந்தது: ‘மழை மற்றும் பனிக்காலச் சாலைப் பாதுகாப்பு — பணி நிறைவு.’ கடைசி இரண்டு சொல்லில்தான் பெயிண்ட் புதிது.

“நல்லபடியாப் பொறந்துருச்சாம்மா?” என்றார் சார்லஸ். “எல்லாம் நம்ம ரோட்டாலதான்.”

அய்யம்மாள் பேத்தியை மகள் மடியில் கொடுத்துவிட்டு வண்டியிலிருந்து இறங்கினாள். பலகையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். ரோடு போட்ட மாதிரித்தான் அதையும் நட்டிருந்தார்கள், ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

“ஏம்மா, அது பேரூராட்சிப் பலகை!”

“எனக்கும் வாசிக்கத் தெரியும். பனிக்காலப் பாதுகாப்புன்னுதான போட்டுருக்கு?” அதை வண்டிக்குள் தள்ளினாள். “எடுடா மைதீனு.”

அய்யம்மாள் வீட்டு ஆட்டுக்கொட்டகைக்குக் கதவில்லாமல் இரவெல்லாம் பனி இறங்கிக்கொண்டிருந்தது. பலகை அளவெடுத்த மாதிரிப் பொருந்திவிட்டது. ஆவாரங்குளம் பேரூராட்சி அந்தக் குளிர்காலத்தில் காத்தது மூன்று வெள்ளாட்டையும் ஒரு கிடாயையும்.