ஈதான், கொட்டாது

"வேலையில்லாதவன் ஈ ஓட்டுவான். என் மச்சான் ஈ பிடிச்சே சம்பளம் வாங்குறான்!" அத்தான் பார்ப்பவரிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பார். அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் எனக்கு வேலை. அவர் கேலியில் பாதி பெருமை. எனக்கோ அதைக் கேட்டுக் கேட்டுத் தலைக்கனம் ஏறிவிட்டது.

ஞாயிறு காலை அக்கா ஒரு போட்டோ அனுப்பினாள். அவர்கள் தோட்டத்துச் செடியில் மஞ்சள் கோடு போட்ட பூச்சி. 'ஈயா, தேனீயா? அத்தான் செடி வெட்டப் போறாரு' என்று கேட்டிருந்தாள். தேனீ கொட்டினால் அத்தானுக்கு மூச்சடைத்துவிடும். அதற்கான ஊசி எப்போதும் அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கும்.

தேனீ வேஷம் போட்டுத் திரியும் ஈக்கள் உண்டு. இறக்கையை எண்ணினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஈக்கு இரண்டு, தேனீக்கு நான்கு. பல் துலக்கிக்கொண்டே எண்ணினேன். இரண்டு. 'ஈதான், கொட்டாது' என்று அனுப்பிவிட்டு வாய் கொப்பளித்தேன்.

தேனீ பின் இறக்கையை முன் இறக்கையோடு கொக்கி போட்டு மாட்டியிருக்கும். பார்வைக்கு இரண்டுதான் தெரியும். அதனால் உணர்கொம்பையும் பார்த்தே ஆகவேண்டும்; ஈக்குக் குட்டை, தேனீக்கு நீளம். புதிதாகச் சேருபவர்களுக்கு இந்தப் பாடம் எடுப்பதே நான்தான்.

மதியம் மருத்துவமனையில் அத்தானின் முகம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. இன்னும் பத்து நிமிஷம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். என்னைப் பார்த்ததும் அத்தான் மடித்த காகிதமொன்றை நீட்டினார்.

"கையுறைக்குள்ள கெடந்துச்சு. கொட்டுற ஈ, மச்சான்! புதுசாக் கண்டுபிடிச்சிருக்கோம். பேரு வைக்கும்போது என்னை மறந்துடாத."

பிரித்தேன். உள்ளே செத்த பூச்சி. நீளமாக, நடுவில் மடங்கிய உணர்கொம்பு. லென்ஸே தேவைப்படவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும், 'ஆமாம் அத்தான், புது ஈதான்' என்று சொல்லித் தப்பிக்கத்தான் அந்த நாக்கு முதலில் துடித்தது. வெட்கக்கேடு.

"தேனீ, அத்தான். நான்தான் சரியாப் பாக்கல."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஊசியக் கையில எடுத்தேன்டா," என்றாள் அக்கா. "நீதான் ஈன்னு சொல்லியிருக்கியே, இது வேற என்னமோன்னு திரும்ப வச்சுட்டேன். அவரு மூச்சுக்குத் தவிக்கிறாரு, நான் தண்ணி குடுத்துக்கிட்டு நிக்கிறேன்."

இப்போது என்னைத் திட்டுவாள், திட்டித் தீர்க்கட்டும் என்று நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அத்தானின் கால்களைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிடுங்க" என்று அழுதாள்.